தவணை தவறுவது யார் குற்றம்?

தென் ஜொகூரின் உட்பகுதியில், குளுவாங் நகருக்குத் தெற்கே, இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த சிற்றூர் ரெங்கம். ஜொகூரின் வழியாக அப்பாதை 1909ஆம் ஆண்டில் போட்டு முடிக்கப்பெற்ற பின்னர் அதன் இருமருங்கிலும் காடு அழிந்து பால்மரத் தோட்டங்கள் பெருகின. கடல் கடந்து வந்த நம்மவர் அத்தோட்டங்களின் லயங்களில் குடியேறினர். அந்நாளில் பொழுது விடியுமுன்னரே பெரட்டுக்கு மணி அடிக்கும். ஆணும் பெண்ணும் இருட்டோடு எழுந்து கங்காணியின் முன் வரிசையாக நிற்பர். இன்று பால்மரம் பெரும்பாலும் மறைந்து செம்பனை நிற்கின்றது. பெரட்டு மணியும் ஓய்ந்தது. ஆயினும் அதே கருக்கலில் சிலர் எழுந்து, கையில் ஒரு போர்வையும் சிற்றுண்டிப் பொட்டலமுமாகத் தத்தம் வீட்டு வாயிலில் நிற்பதைக் காணலாம். அவர்கள் வேலைக்குப் போவோர் அல்லர். சிறுநீரகம் செயலற்று, யந்திரத்தின் துணையால் குருதியைச் சுத்தி செய்துகொள்வதற்காகக் குளுவாங்கிற்குச் செல்லும் வேனை எதிர்பார்த்து நிற்போர்.

நம் பாட்டன்மார் குண்டிக்காய் என்று வழங்கிய அவ்விரு சிற்றுறுப்புகளும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டி, வேண்டுவதைத் திரும்ப உடலிற் சேர்த்து, வேண்டாததை வெளியேற்றுகின்றன. இரவென்றும் பகலென்றும் ஓய்வில்லாத அவ்வேலையை யந்திரமானது வாரத்தில் மூன்று நாள், நாளொன்றுக்கு நான்கு மணிநேரம் செய்கின்றது. வாரத்திற்கு 168 மணிநேரம். யந்திரம் உழைப்பது 12. எஞ்சிய 156 மணிநேரமும் நோயாளி தன் நாவை அடக்கிக் காத்தல் வேண்டும். நம் நாட்டு வெயிலில் தண்ணீரை அளந்து குடித்தல் வேண்டும். கருவாடும் ஊறுகாயும் ஆகா. வாழைப்பழமும் இளநீரும் பிறர்க்கு நலம், இவர்க்குத் தீங்கு. முற்றத்தில் காய்க்கும் நட்சத்திரப் பழமோ இவர்தம் அறிவைக் கலக்கி உயிரையும் வாங்கிவிடவல்லது. ஒரு தவணை தவறினால் நீர் நுரையீரலில் தேங்கி மூச்சை அடைக்கும். பொட்டாசியம் மிகுந்தால் நெஞ்சத் துடிப்பு நின்றுபோம். மூன்று தவணைகளுக்கு இடையே வார இறுதியில் மட்டும் இரண்டு நாள் இடைவெளி விழுகின்றதல்லவா? அவ்விடைவெளியை அடுத்த நாளிலேயே சாவு மிகுதி என்று 2011ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று காட்டிற்று.

இத்துணையும் நோயாளிகள் அறிவர். அறிந்தும் சிலர் தவணைக்கு வருவதில்லை. வந்தாலும், அரைமணி நேரம் முன்னதாகவே ஊசியைக் கழற்றிவிடுமாறு கெஞ்சுகின்றனர். இவர்களைக் குறிக்கச் சிகிச்சை நிலையங்களில் வழங்கும் சொற்கள் நல்லவையல்ல: தவறியவர், அடம் பிடிப்பவர், சொன்னபடி கேளாதவர்.

ரெங்கத்தில் நமக்குத் தெரிந்த அன்பர் ஒருவர் உளர். இளமையில் பால்மரம் சீவியவர்; அறுபது வயதைக் கடந்தவர். திங்கள், புதன், வெள்ளி அவருக்குரிய நாட்கள். ஒரு சமயம் அடுத்தடுத்து மூன்று திங்கட்கிழமை அவர் போகவில்லை. முதல் வாரம் வேன் வரவில்லை என்றார். அடுத்த வாரம் வயிற்று வலி என்றார். மூன்றாம் வாரம் ஒன்றும் சொல்லவில்லை. நிலையத்தார் தொலைபேசியில் அவருடைய மகளைக் கடிந்துகொண்டனர். மகள் தந்தையைக் கடிந்துகொண்டாள். ஒரு மாலை நாம் அவர் வீட்டுத் திண்ணையிற் சென்றமர்ந்து, வைத்தியத்தைப் பற்றி ஒன்றும் பேசாது, பழைய தோட்டத்துக் கதைகளைப் பேசிக்கொண்டிருந்தோம். விளக்கேற்றும் நேரத்தில் அவராகவே சொன்னார்: "பக்கத்து நாற்காலியிலே ஒரு சீனத்துப் பெரியவருங்க. நாலு வருசமா ஒண்ணாத்தான் படுத்திருந்தோம். வெள்ளிக்கிழமை, திங்கட்கிழமை பார்ப்போம்னு கையைக் காட்டிட்டுப் போனாரு. திங்கட்கிழமை அந்த நாற்காலியிலே வேற ஆளு. யாரும் ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல."

அவ்வளவுதான் காரணம். அதனைக் கேட்பார் எவரும் இலர் ஆதலின், அவர் அடம் பிடிப்பவர் ஆயினார்.

இஃது ஒரு மனிதரின் பலவீனம் என்று தள்ளிவிடலாமா? ஒரு நூற்றாண்டு பின்னோக்கிச் சென்றால், இதே வழக்கு இதே மண்ணில் முன்னரும் விசாரிக்கப்பெற்றதும், அன்றும் குற்றம் கூலியாளின் தலையிலேயே சுமத்தப்பெற்றதும் தெரியவரும். கொயினாவின் கதையைச் சொல்லுகிறோம்.

மலாயாத் தோட்டங்களில் நம்மவரை வாரிக்கொண்டு போனது மலைக்காய்ச்சல். பல தோட்டங்களில் காலைப் பெரட்டிலேயே கொயினா கொடுக்கும் வழக்கம் ஏற்பட்டது. டிரெஸர் கையில் புட்டியும் அளவுக் குவளையுமாக வருவார். வரிசையில் நிற்போர் ஒவ்வொருவராக வாயைத் திறத்தல் வேண்டும். விழுங்கியதற்கு அடையாளமாக ஒரு வார்த்தை பேசிக் காட்டவேண்டும் என்ற விதியும் உண்டென்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கசப்பை நாவின் அடியில் ஒதுக்கி, டிரெஸர் தலை மறைந்ததும் பால்மரத்தடியில் துப்பியோர் பலர். காது இரைந்தது, தலை சுற்றியது, வயிறு எரிந்தது. அந்நிலையில் மரம் சீவி முடிக்காவிட்டால் அரைப் பேர் போடுவார் கிராணி. துப்பியவனுக்குத் துப்பக் காரணம் இருந்தது. அவனை யாரும் கேட்கவில்லை. தமிழன் மூடன், மருந்தின் அருமை அறியான் என்று துரைமார் முடிவு கட்டினர்.

1901ஆம் ஆண்டில் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்ஸன் வேறு வழியில் சிந்தித்தார். அவ்வாண்டு திறக்கப்பெற்ற சுவெட்டன்ஹாம் துறைமுகம் காய்ச்சலின் கொடுமையால் மூடப்படும் நிலையை அடைந்தபோது, சதுப்பு நிலத்தை வடித்து, புதரை வெட்டி, நீர் தேங்காமற் செய்வித்தார். காய்ச்சல் தணிந்தது. பின்னர் மேட்டு நிலத் தோட்டங்களில், தெளிந்த ஓடையிலே வளரும் வேறு வகைக் கொசுவே பகைவன் என்று கண்டு, நிலத்தடிக் குழாய்களும் எண்ணெய் தெளித்தலும் புகுத்தினார். 1911இல் வெளிவந்த அவருடைய நூல், கொயினாவை மட்டும் நம்பி ஒரு தோட்டத்தைக் காப்பாற்றுதல் இயலாது என்பதை விரிவாகக் கூறுகின்றது. கூலியாளின் வாயைத் திறந்து பார்ப்பதில் செலவிட்ட உழைப்பைக் கால்வாய் வெட்டுவதில் செலவிட்டிருந்தால், நம் முன்னோருள் எத்தனையோ பேர் பிழைத்திருப்பர்.

கொயினாவைத் துப்பியவரின் உறவினர் தமிழ் நாட்டில் இருந்தனரல்லவா? அவரைக் கொண்டே இதற்கு மறுமொழி கிடைத்தது, சென்னையில், 1956ஆம் ஆண்டில். அங்கே காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கூடி நடத்தின. டாக்டர் வாலஸ் பாக்ஸ் என்பார் தலைவர். காசநோயாளியை நகருக்கு வெளியே நல்ல காற்றும் நல்ல உணவுமுள்ள ஆரோக்கிய சாலையில் வைத்தே பார்க்கவேண்டும் என்பது அன்றைய கொள்கை. சென்னைச் சேரியின் ஒற்றை அறைக் குடிசையில், அரைவயிற்றுக் கஞ்சியோடு, ஓராண்டு முழுதும் நாள்தோறும் மருந்து விழுங்குவர் என்று நம்பினோர் மிகச் சிலரே. 193 நோயாளிகளைச் சீட்டுப் போடும் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை ஆரோக்கிய சாலைக்கும் மற்றதைத் தத்தம் வீட்டுக்கும் அனுப்பினர். 1959இல் முடிவு வெளியாயிற்று. வீட்டிலிருந்தோர் ஏறக்குறைய ஆரோக்கிய சாலையில் இருந்தோரைப் போலவே குணமடைந்தனர். அவரோடு ஒரே கூரையின்கீழ்ப் படுத்துறங்கிய மனைவி மக்களுக்கு அதனால் நோய் மிகுதியாக ஒட்டவுமில்லை. உலகெங்கும் காசநோய் வைத்தியத்தின் போக்கே இதனால் மாறிற்று.

இதில் நாம் குறித்துக்கொள்ள வேண்டுவது ஒன்று உண்டு. சென்னையாரும் நோயாளியை முற்றிலும் நம்பிவிடவில்லை. முன்னறிவிப்பின்றி வீட்டுக்கு வந்து மாத்திரைகளை எண்ணினர். சிறுநீரைச் சோதித்து மருந்து உட்சென்றதா என்று பார்த்தனர். ஆனால் அவ்வாறு வந்தவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தனர். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா, வேலை போயிற்றா, மருந்து குமட்டுகின்றதா என்று கேட்க அங்கே இடம் இருந்தது. பெரட்டுக்களத்தில் அதற்கு இடம் இல்லை. பின்னாளில் உலகம் முழுதும் பரவிய 'எதிரில் நின்று மருந்து கொடுத்தல்' என்னும் முறைக்கும் சென்னை ஆராய்ச்சியே ஒரு வித்து. அம்முறை போன இடத்தில் எல்லாம் ஒரேபோல் நடந்ததா, சில இடங்களில் மீண்டும் பெரட்டாகவே மாறியதா என்பது வேறு கதை.

இனி யந்திரத்தின் வரலாற்றுக்கு வருவோம். காய்ச்சலும் காசமும் ஒரு நாள் தீரும். சிறுநீரகக் கேடு தீராது. ஆதலின் அங்கே அச்சத்தின் உருவமும் வேறு.

ஹாலந்து தேசத்தில் காம்பன் என்னும் சிற்றூரில், ஜெர்மானியர் ஆக்கிரமிப்பின் நடுவே, 1943ஆம் ஆண்டில் டாக்டர் வில்லெம் கோல்ஃப் செய்த யந்திரமே நடைமுறைக்கு வந்த முதற் செயற்கைச் சிறுநீரகம். இறைச்சிச் சுருளுக்கு உறையாக விற்கும் செல்லோபேன் குழாயை ஒரு மர உருளையிற் சுற்றி, உப்பு நீர்த் தொட்டியிற் சுழலவிட்டார். முதலில் வந்தவருள் ஏறக்குறைய எல்லோரும் இறந்தனர். 1945 செப்டம்பரில் 67 வயது மூதாட்டி ஒருத்தி பிழைத்தாள். அவள் ஜெர்மானியர்க்கு உடந்தையாயிருந்தவள் என்று சிறையிலிருந்தவள். அவளைப் பிழைப்பிக்கலாமா என்று ஊரார் முணுமுணுத்தனர். வைத்தியனுக்கு அக்கேள்வி இல்லை என்று கோல்ஃப் தம் வேலையைப் பார்த்தார். நினைவு திரும்பியதும் அம்மூதாட்டி முதற்கண் சொன்னது, தன் கணவனை விலக்கிவிடப் போவதாகத்தானாம்! அவ்வாறே விலக்கியும் விட்டாள் என்பர்.

அவளுக்கு யந்திரம் சில நாள் துணை. வாழ்நாள் முழுதும் யந்திரத்தை நம்பிப் பிழைக்கும் நிலை 1960 மார்ச்சில் அமெரிக்காவின் ஸியாட்டில் நகரில் பிறந்தது. டாக்டர் பெல்டிங் ஸ்கிரிப்னர், டெஃப்லான் குழாயைக் கையில் நிலையாகப் பொருத்தி, குருதி நாளத்தை ஒவ்வொரு முறையும் புதிதாக வெட்டவேண்டிய தொல்லையை நீக்கினார். கிளைட் ஷீல்ட்ஸ் என்னும் விமானத் தொழிற்சாலைத் தொழிலாளி அக்குழாயோடு பதினோராண்டு வாழ்ந்தார். யந்திரங்கள் சில, சாவின் வாயிலில் நின்றோர் பலர். 1962இல் அங்கே திறக்கப்பெற்ற நிலையத்தில், யார் பிழைப்பது என்று தெரிந்தெடுக்க எழுவர் அடங்கிய ஒரு குழு அமைந்தது. பாதிரியார், வழக்கறிஞர், வங்கிக்காரர், தொழிற்சங்கத் தலைவர், இல்லத்தரசி முதலானோர் அதில் இருந்தனர். விண்ணப்பித்தவரின் வருமானம், மனைவி மக்கள், படிப்பு, கோயிற்பற்று யாவும் நிறுக்கப்பட்டன. ஒரு பால்வெட்டுத் தொழிலாளி அக்குழுவின்முன் நின்றிருந்தால் எத்தனை மதிப்பெண் பெற்றிருப்பான் என்று எண்ணிப் பாருங்கள்.

அக்குழு ஓர் உண்மையை வெளிப்படையாக்கிற்று. நல்ல நோயாளி யார், கெட்ட நோயாளி யார் என்னும் பாகுபாடு, சிகிச்சை தொடங்குமுன்னரே வைத்தியசாலைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. 1971ஆம் ஆண்டில் டாக்டர் ஹாரி ஏப்ரம் என்பாரும் அவருடைய துணைவரும் அமெரிக்க நிலையங்களை விசாரித்து எழுதிய கட்டுரையில், தம் உயிரைத் தாமே வெளிப்படையாக மாய்த்துக்கொண்டோரைக் காட்டிலும், விதித்த சிகிச்சையைப் பின்பற்றாமல் மடிந்தோர் பன்மடங்கு என்று கண்டனர். அடுத்த ஆண்டில் ஜெருசலேம் நகரத்து ஆராய்ச்சியாளர் இருவர் இதன் காரணத்தை நோயாளியின் சுபாவத்தில் தேடினர். பொறுக்கும் ஆற்றல் குறைந்தோரே கட்டளையை மீறுகின்றனர் என்றனர். சுபாவம் ஒரு காரணமாகலாம், மறுக்கவில்லை. ஆனால் 2003ஆம் ஆண்டில் வெளிவந்த பன்னாட்டு ஆராய்ச்சி வேறொன்றைச் சொல்லிற்று. ஒரு மாதத்தில் ஒரு தவணையேனும் தவறியோர் அமெரிக்காவில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேர்; ஜப்பானில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. தவறியோர்க்குச் சாவின் அபாயம் நூற்றுக்கு 30 மிகுதி. ஊசி ஒன்றே, யந்திரம் ஒன்றே, தாகம் ஒன்றே. அமெரிக்கனுக்கு மட்டும் பொறுமையைக் குறைத்துப் படைத்தது யார்? சிகிச்சை நிலையம் எவ்வாறு நடத்தப்படுகின்றது, வருவோரை எவ்வாறு வரவேற்கின்றது, வீட்டுக்கும் அதற்கும் எத்துணைத் தொலைவு என்பவற்றை விட்டு, சுபாவத்தை மட்டும் பேசுவது துரைமார் பேச்சேயாம்.

அறிஞருலகின் சொல்லும் மெல்ல மாறிற்று. முன்பு இதனைக் 'கீழ்ப்படிதல்' என்னும் பொருள்பட வழங்கினர். உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கை, நோயாளி தானும் இசைந்த ஏற்பாட்டைப் பற்றி நிற்றல் என்னும் பொருளுடைய சொல்லை எடுத்துக்கொண்டது. செல்வ நாடுகளிலேயே நீண்டகால நோயாளருள் பாதிப் பேர்தாம் சிகிச்சையை முறையாகப் பற்றி நிற்கின்றனர் என்றும் அது கூறிற்று. படித்தவன், பணக்காரன் எல்லாம் அந்தப் பாதியில் அடக்கம்.

தமிழர்க்கு இக்கருத்து புதிதன்று. வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் வைத்தியத்திற்கு நான்கு உறுப்புச் சொல்லுமிடத்து, நோயாளி, வைத்தியன், மருந்து என்பவற்றோடு, உடனிருந்து துணை செய்பவனையும் சமமாக வைத்து எண்ணியிருக்கிறார். அந்நான்காமவனே இன்று பெரும்பாலும் காணப்படாதவன்.

நான்காமவன் வாய்க்கப்பெற்றோர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதற்கு இந்தியாவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1975 ஜூனில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோது சிறைப்பட்ட ஜெயப்பிரகாஷ் நாராயணர், நவம்பரில் விடுதலையானபோது சிறுநீரகங்கள் இரண்டும் கெட்டிருந்தன. பம்பாய் ஜஸ்லோக் வைத்தியசாலையில் யந்திர சிகிச்சை தொடங்கிற்று. அவரைப் பார்த்த வைத்தியர் நம் தமிழரான டாக்டர் எம். கே. மணி. அவருக்கென யந்திரம் வாங்கப் பொதுமக்கள் சிறு தொகைகளாகப் பணம் திரட்டினர். பிரதமர் அனுப்பிய தொகையை ஏற்க மறுத்துவிட்டார். அந்நிலையிலேயே 1977 தேர்தலில் மேடை ஏறிப் பேசினார். 1979 அக்டோபர் 8ஆம் நாள் இறக்கும்வரை யந்திரத்தோடு வாழ்ந்தார். அவர் மனவுறுதி பெரிது. அதனோடு, அறியாத இலட்சம் பேர் தமக்காக ஒரு ரூபாய் கொடுத்திருக்கிறார்கள் என்னும் நினைவும் அந்நாற்காலியில் அவரோடு இருந்தது.

டாக்டர் மணி பின்னர்ச் சென்னைக்கு வந்தார். 1984 அக்டோபரில் முதலமைச்சர் எம். ஜி. ராமச்சந்திரன் நோயுற்றபோது, சிறுநீரகம் என்னும் சொல்லை உலகத் தமிழர் அனைவரும் ஒருங்கே கற்றுக்கொண்டனர். வேண்டுதல், மொட்டை, தீச்சட்டி எல்லாம் நடந்தன. ஆனால் அவரைப் பிழைப்பித்தது நியூயார்க் நகரின் புரூக்ளினில், 1984 டிசம்பரில், தமையனார் மகள் லீலாவதி அளித்த சிறுநீரகம். மூன்றாண்டு வாழ்ந்தார். அதே புரூக்ளின் மருத்துவக் கல்லூரியில் முப்பதாண்டு கழித்து, 2014ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி நம் பொருளுக்கு மிகவும் நெருங்கியது. மனச்சோர்வுற்ற ஏழை நோயாளரிடம், யந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பழகிய உளவியலார் ஒருவர் நாற்காலியின் அருகில் அமர்ந்து மூன்று மாதம் முறையாகப் பேசி வந்தார். சோர்வு தணிந்தது, அதனோடு தண்ணீரைக் கட்டுப்படுத்தும் வன்மையும் மிகுந்தது. தண்ணீர் குடியாதே என்று எவரும் அதட்டவில்லை.

டாக்டர் மணியோ யந்திரத்துக்கு முன்னதாகவே தடுக்கவேண்டும் என்று எண்ணினார். யந்திரச் செலவைத் தாங்க ஏழை நாட்டால் இயலாது என்பது அவர் கணக்கு. 1990களின் பிற்பகுதியிலிருந்து, சென்னைக்கு அருகிலுள்ள கிராமங்களில் பழக்கப்பெற்ற பணியாளரை வீடுவீடாக அனுப்பிச் சிறுநீரும் இரத்த அழுத்தமும் பார்க்கச் செய்து, நோய் கண்டவர்க்கு மிக மலிவான மாத்திரைகளையே கொடுத்து வந்தார். அழுத்த நோயாளருள் மிகப் பெரும்பாலோர்க்கு அது கட்டுக்குள் வந்தது. படிப்பில்லாத கிராமத்தார் ஆண்டுக்கணக்கில் மாத்திரையை விடாது உட்கொண்டனர். மாத்திரை வீட்டு வாயிலுக்கு வந்தது. கொண்டு வந்தவர் தெரிந்த முகம்.

நிற்க. நம் நாட்டு நிலை யாது? மலேசியாவில் யந்திர சிகிச்சையிலும் வயிற்றுநீர்ச் சிகிச்சையிலும் வாழ்வோர் தொகை 2020களின் தொடக்கத்தில் ஐம்பதினாயிரத்தை எட்டிற்று. புதிதாகச் சேர்வோருள் பாதிக்கு மேற்பட்டோர்க்கு மூலகாரணம் நீரிழிவு. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில், வயது வந்த இந்தியருள் நூற்றுக்கு 31 பேர்க்கு நீரிழிவு காணப்பட்டது. மூன்று பெரிய இனங்களில் நமதே முதலிடம். பெருமைப்படத்தக்க முதலிடமா இது? வெள்ளைச் சோறும், பால்மாவும் சர்க்கரையும் கொட்டிய தேநீரும் உடலுழைப்பு இருந்த நாளில் செரித்தன. தோட்டம் போய் அடுக்கு வீடு வந்தது. உழைப்புப் போயிற்று, தேநீர் போகவில்லை.

தோட்டத்தோடு இன்னொன்றும் போயிற்று. பழைய டிரெஸரைக் குறை கூறினோம். ஆயினும் எந்த லயத்தில் யாருக்குக் கால் புண், யார் வீட்டில் சண்டை என்று அவர் அறிவார். இன்று நோயாளி ஓர் ஊரில், யந்திரம் ஓர் ஊரில், மருந்துச் சீட்டு எழுதுவோர் மூன்றாவது ஊரில். உரியோர்க்குச் சொக்சோ செலவைத் தருகின்றது. அறநிலையங்கள் பல கட்டணத்தைக் குறைக்கின்றன. 1969இல் தோன்றிய தேசியச் சிறுநீரக அறநிறுவனம் பெருந்தொண்டு செய்கின்றது. பணம் ஒருவாறு கிடைக்கின்றது. நான்கு மணிநேரம் தன் குருதி ஒரு குழாயில் ஓடுவதைத் தானே பார்த்துக்கொண்டு கிடப்பவனிடம், என்ன நினைக்கிறாய் என்று கேட்பதற்கு எந்தக் கணக்கிலும் பணம் ஒதுக்கப்படவில்லை. தமிழ் மட்டுமே அறிந்த ஒரு மூதாட்டி, யந்திரம் கூவும்போதெல்லாம் தன் உயிர் போகின்றது என்று எண்ணி உடல் நடுங்கினாளாம். குழாய் சற்று மடங்கினாலும் அது கூவும் என்று அவளுக்குத் தமிழில் ஒருவர் சொல்ல இரண்டு நிமிஷம் போதும். ஐந்து மாதம் எவரும் சொல்லவில்லை.

இவ்வச்சத்தில் மீன் பிடிப்போரும் உளர். வேரைக் கொதிக்கவைத்துக் குடித்தால் ஊசியே வேண்டாம் என்று புட்டி விற்போர் ஒரு புறம். பரிகாரம் செய்தால் சிறுநீரகம் மலரும் என்போர் மறுபுறம். பகுத்தறிவுடையோர் இவர்களைக் கண்டிப்பது கடமைதான். ஆனால் புட்டிக்காரன் ஒன்றில் மட்டும் நம்மினும் தேர்ந்தவன்: அவன் வீடு தேடி வந்து, ஒரு மணிநேரம் உட்கார்ந்து, நோயாளி சொல்வதை முழுதும் கேட்கின்றான்.

அச்சத்தை அறவே போக்கிவிடலாம் என்று நாம் கூறவில்லை. அஞ்சத் தக்கதற்கு அஞ்சுதல் அறிவே. அளவான அச்சம் சிலரை நாள் தவறாது வரச் செய்கின்றது. அதே அச்சம் அளவு மீறினால் கதவைத் தாழிட்டுப் படுக்கச் செய்கின்றது. எவர் எந்த வகை என்பது கேட்டால் அன்றித் தெரியாது. நம் சங்கங்களும் வாலிபர் மன்றங்களும் ஆண்டுக்கு ஒருமுறை இரத்த தானத்திற்குக் கூடுகின்றன, நன்று. ரெங்கத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாரத்திற்கு ஒரு நாள், நோயாளிகளோடு அதே வேனில் ஏறிச் சென்று அருகில் அமர்ந்து வர இரண்டு இளைஞர் முன்வந்தால், அதற்குக் கட்டடமும் வேண்டா, திறப்பு விழாவும் வேண்டா. தவறியவர் வீட்டுக்கு அன்று மாலையே ஒருவர் போகட்டும், கடிந்துகொள்ளாமற் போகட்டும். நிலையத்தாரும், ஒரு நாற்காலி வெறுமையானால் அதன் பக்கத்தில் இருப்பவர்க்கு உண்மையைச் சொல்லட்டும். சாவை மறைத்தால் அச்சம் குறையும் என்று எண்ணுவது பிழை. எஞ்சியோர் அதனைத் தாமே ஊகித்து, தனியே சுமக்கின்றனர்.

நம் அன்பர் திண்ணையில் சொன்னதை அவர் மகள் அறையிலிருந்து கேட்டிருக்கின்றாள். மறுநாள் அவள் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். அங்கே இளந்தாதி ஒருத்தி, நல்ல மனம் படைத்தவள், விவரம் கூறினாள்: அச்சீனப் பெரியவர் ஞாயிற்றுக்கிழமை இரவு உறக்கத்திலேயே மாரடைப்பால் காலமானார், யந்திரத்தில் அன்று. அவருடைய வீடு எங்கே என்று அன்பர் கேட்டார். மகளை அழைத்துக்கொண்டு அங்கே போய், வாயிலில் ஊதுவத்தி ஏற்றிவிட்டு வந்தார். நாற்காலியை மாற்றித் தரவா என்று தாதி கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை விடியலில் நாம் அவ்வழியே போக நேர்ந்தது. வேன் வந்து நின்றிருந்தது. அன்பர் ஏறப் போனவர், போர்வையை மறந்துவிட்டதாகச் சொல்லி ஓட்டுநரைச் சற்றே நிற்கச் செய்து, வீட்டுக்குள் போனார். ஓட்டுநர் விளக்கை அணைக்காமல் காத்திருந்தார். சிறிது நேரம் ஆயிற்று. பின்னர்க் கதவைத் திறந்துகொண்டு, போர்வையைத் தோளிற் போட்டபடி வெளியே வந்தார்.